காவிரிச் சேற்றைப் படித்தவர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லைப் பற்றிப் பேச்சு தொடங்கினால் முதலில் வருவது எண்கள்தான். ஆடுதுறை 27, ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சி.ஆர். 1009, பி.பி.டி. 5204. எது குறுவைக்கு ஆகும், எது அடைமழையில் சாய்ந்துவிடும், எந்த நெல்லுக்கு வியாபாரி கூட்டிக் கொடுப்பார் என்பதெல்லாம் வயதான விவசாயிகளுக்கு மனப்பாடம். அவர்களிடமே, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொன்னது யார் என்று கேட்டால், வேளாண்மை ஆபீசில் சொன்னார்கள் என்பதோடு பதில் முடிந்துவிடும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடச் சொன்னவர் யார், தக்கைப்பூண்டைப் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழச் சொன்னவர் யார் என்றாலும் அதே பதில்தான்.

பயிர் இனப்பெருக்கம் செய்பவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தால் ஒரு ரகம் வெளிவருகிறது. அதற்கு நிலையத்தின் பெயர் உண்டு, எண் உண்டு, வெளியீட்டு விழா உண்டு. மண்ணியல் ஆய்வாளர் இருபது ஆண்டுகள் உழைத்தால் சாகுபடிக் கையேட்டில் ஒரு வரி மாறுகிறது. அந்த வரிக்குக் கீழே யார் பெயரும் இருக்காது. காவிரிப் படுகையின் நெல் வரலாற்றை விதையின் வரலாறாகவே நாம் எழுதிவந்திருக்கிறோம் என்றால் அதற்கு இந்தப் பெயரின்மையும் ஒரு காரணம். அரசின் பணமும் மக்களின் கவனமும் விதை, உரம், ஆற்றுநீர் என்ற மூன்றோடு நின்றுபோய், மண்ணுக்கு வந்து சேராமல் போனதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-இல். 1985 முதல் அது தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம். தஞ்சாவூரை அடுத்த காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்று ஒரு நிலையம் வந்தது 1970-களின் தொடக்கத்தில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. உரச் சோதனைகள் ஆடுதுறையிலும் நடந்தன என்பது உண்மைதான். ஆனாலும் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்ற வரிசை, எதை நாம் பெரிதாக நினைத்தோம் என்பதைச் சொல்கிறது.

சேற்றுக்குள் இருந்த வாயு

மண்ணைப் படிக்கும் வேலை தமிழ்நாட்டில் பிந்தித் தொடங்கியது அல்ல. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி கோயம்புத்தூருக்கு இடம் மாறிய காலத்திலேயே, 1909-இல், அங்கே நிரந்தர எருச் சோதனை வயல் ஒன்று அமைக்கப்பட்டது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், இன்னொன்றுக்குத் தழைச்சத்து மட்டும், வேறொன்றுக்கு மூன்று சத்துகளும் சேர்த்து, ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. அதே பாத்திக்கு அதே எரு, ஆண்டு தவறாமல். நூறாண்டைக் கடந்துவிட்ட அந்தச் சோதனை, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய பிராட்பாக் வயலின் வழிவந்தது. மண்ணைப் பற்றி உறுதியாகப் பேச ஒரு மனிதரின் பணிக்காலம் போதாது என்பதை அன்றே உணர்ந்தவர்கள் இட்ட ஏற்பாடு அது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1913-இல், கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆய்வுத்தொடர் வெளிவரத் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவரோடு பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும் எழுதியது. பொருள்: சேற்று நெல் மண்ணில் உண்டாகும் வாயுக்கள். 1920 வரை பகுதி பகுதியாக வந்தது.

நடவு முடிந்து நீர் கட்டிய வயலில் கால் வைத்தால் குமிழ் எழும்பும். உழவர் எல்லாரும் கண்டது. அந்தக் குமிழைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தார்கள் இந்த இருவரும். சேற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் மீத்தேனும் நைட்ரஜனும். கொஞ்சம் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டு. ஆனால் மண்ணின் மேற்பரப்பைத் தாண்டி வெளியே வரும் வாயுவின் சேர்க்கை வேறாக இருந்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடிப் போனதில்தான் அவர்கள் பெரியதொன்றைக் கண்டார்கள். சேற்றின் மேல் படியும் மெல்லிய பாசிப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை எரித்துத் தீர்க்கின்றன. பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அந்த ஆக்சிஜன் நீரில் கரைந்து, நீர் மெல்லக் கீழே கசியும்போது வேருக்குப் போய்ச் சேருகிறது. தழை உரம் இட்ட வயலில் பயிர் ஏன் செழிக்கிறது, வடிகால் இல்லாமல் நீர் தேங்கி நிற்கும் வயலில் பயிர் ஏன் சோர்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் இந்த ஒரே இழையில் கோத்தார்கள்.

பூமி சூடாவதைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிய 1980-களில் நெல்வயல் மீத்தேன் சர்வதேசச் செய்தியானது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்குச் சொன்னது. ஏ. பி. மித்ராவின் தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் 1991-இல் வயல்வயலாக அளந்து பார்த்தபோது கிடைத்தது ஏறத்தாழ 40 லட்சம் டன். நம் மண்ணை நாமே அளக்காவிட்டால் பிறர் போடும் கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டிவரும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று இல்லை. நெல்வயல் மீத்தேன் ஆராய்ச்சியின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் இன்றும் 1913-ஆம் ஆண்டின் அந்தக் கோயம்புத்தூர்க் கட்டுரைக்குத்தான் போகிறார்கள். சுப்பிரமணிய அய்யருக்குத் தமிழ்நாட்டில் ஒரு தெருவின் பெயர்கூட இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய பெயர் பள்ளிப் பாடநூலில் இடம்பெற வேண்டிய பெயர்.

நீர் மூழ்கிய மண்ணின் வேதியியலை முழுமையான ஓர் அறிவுத்துறையாகக் கட்டி எழுப்பியவர் இலங்கையிலிருந்து வந்தார். ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும, பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1961 முதல் மண் வேதியியலாளராகப் பணியாற்றியவர். மூழ்கிய மண்ணின் வேதியியலைப் பற்றி 1972-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை உலகெங்கும் நெல் மண்ணைப் படிக்கும் மாணவர்களின் கையில் இன்றும் இருக்கிறது.

அவர் சொன்னதைக் குறுவை வயலில் வைத்துப் பார்க்கலாம். மேட்டூர் நீர் வந்து வயலில் தொழி அடித்த ஓரிரு நாளில் சேற்றுக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அடுத்ததாக நைட்ரேட்டைப் பிடிக்கின்றன. அது நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது. பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியில் மீத்தேன். அமில மண்ணானாலும் கார மண்ணானாலும் மூழ்கிய சில வாரங்களில் நடுநிலைக்கு நெருங்கி வந்துவிடும். இரும்பு உருமாறும்போது அதைப் பற்றியிருந்த மணிச்சத்து விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. அதே மாற்றம் துத்தநாகத்தை வேருக்கு எட்டாமல் பூட்டிவைக்கிறது. பந்த்நகரில் நெல்லின் கைரா நோய்க்குக் காரணம் பூச்சியோ பூஞ்சையோ அல்ல, துத்தநாகக் குறைவு என்று ஒய். எல். நேனே 1966-இல் கண்டறிந்தார். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்று நம் கையேட்டில் நிற்கும் வரிக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

யூரியாவின் கதையும் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது. நீர் கட்டிய வயலில் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டும் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே இல்லை. மேலே தூவிய தழைச்சத்து அந்த மேல்தட்டில் நைட்ரேட்டாக மாறி, கீழே இறங்கி, வாயுவாகிப் போகிறது. இன்னொரு பங்கு அம்மோனியாவாக நேரே காற்றில் கலக்கிறது. சத்தைச் சேற்றுக்குள் புதைத்தால் இழப்பு குறையும் என்று ஜப்பானில் ஷியோயிரி இரண்டாம் உலகப் போருக்கு முன்பின்னான ஆண்டுகளில் காட்டினார். நாம் இன்றும் தூவிக்கொண்டுதான் இருக்கிறோம். தூவும் தழைச்சத்தில் நெல் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு. வேப்பம் புண்ணாக்கு கலந்து போடும் பழக்கமும், 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசி வருவதும் இந்த இழப்பைக் குறைக்கத்தான்.

விதை பிறந்த கேள்வி

விதையின் புகழ் தகாதது என்று நான் சொல்ல வரவில்லை. ஆடுதுறை 27 எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், அது மண்ணைப் பற்றிய கேள்வியிலிருந்தே பிறந்தது தெரியும்.

கோயம்புத்தூரில் 1912-இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதை நடத்தியவர் அரசுப் பொருளியல் தாவரவியலாளர் எஃப். ஆர். பார்னெல். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளைத் தாங்கித்தான் ஜி.இ.பி. 24 என்ற நெல் 1921-இல் வெளிவந்தது. அந்த நிலையத்தில் வளர்ந்தவர் கே. ராமையா. வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு 1946-இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநர் அவரே. நம் நாட்டு நெல் உயரமானது. தழைச்சத்தைக் கூட்டினால் மேலும் உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல் குட்டையானது, உரத்துக்கு விளைச்சலாகப் பதில் சொல்வது. இரண்டையும் கலந்தால் மண்ணில் இடும் சத்து தாளாகாமல் நெல்லாகுமா என்பதுதான் 1950-களின் தொடக்கத்தில் கட்டாக்கில் உருவான இண்டிகா–ஜப்போனிகா கலப்புத் திட்டத்தின் கேள்வி.

கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், வாகனிங்கன், கேம்பிரிட்ஜ், விஸ்கான்சின் ஆகிய இடங்களில் உருளைக்கிழங்கின் மரபணுவியலைப் படித்துவிட்டு 1954-இல் நாடு திரும்பியதும் சில மாதங்கள் வேலை செய்தது இந்தத் திட்டத்தில்தான். ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் விதை போன அந்தப் பெருந்திட்டத்தில் வயலில் நிலைத்தவை மிகச் சில ரகங்களே. மலேசியாவில் உருவாகி நம்மிடம் பொன்னியாக வந்த மாசூரி ஒன்று. ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து ஆடுதுறையில் தேர்ந்தெடுத்த ஆடுதுறை 27 இன்னொன்று.

ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்த நெல் 1960-களின் நடுவில் குறுவை வயல்களில் இறங்கியது. அதற்கு முன்பே, 1960-61-இல், நாட்டின் முதல் ஏழு தீவிர வேளாண் மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர் தேர்வாகியிருந்தது. விதை, உரம், கடன், மண் பரிசோதனை எல்லாம் ஒரே கட்டாக வர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் எண்ணம். விதையும் உரமும் கடனும் வயலுக்கு வந்தன. மண் பரிசோதனை ஆய்வகத்தோடு நின்றுகொண்டது.

1968-ஆம் ஆண்டை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த ஜனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார்: மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காக்காமல் நிலத்தைச் சுரண்டும் தீவிர சாகுபடி கடைசியில் பாலையைத்தான் உருவாக்கும். பசுமைப் புரட்சி என்ற பெயரே அப்போது பரவியிருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. அந்த விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல். விளைச்சல் கூடியதன் பயன் யாருக்குப் போனது என்று ஆராய்ந்து ஃபிரான்சீன் ஃபிராங்கல் 1971-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் எடுத்துக்கொண்ட ஐந்து மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதோடு வேளாண் ஆய்வாளரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

வேலையை விட்டவர்

தஞ்சை மாவட்டத்தின் இளங்காட்டில் 1938-இல் பிறந்த இயற்கை வேளாண்மையாளர் கோ. நம்மாழ்வாரும் முறையாக வேளாண் அறிவியல் படித்தவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1960 முதல் 1963 வரை கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மழையை நம்பிய கரிசல் விவசாயிக்கு, அவர் வாங்க முடியாத உரத்தையும் மருந்தையும் வைத்து ஆய்வு நடத்துவதில் பொருள் இல்லை என்று வேலையை விட்டார். பிறகான ஐம்பது ஆண்டு முழுவதும் அவர் பேசியது மண்ணைப் பற்றித்தான். 2004 டிசம்பர் சுனாமியில் நாகை மாவட்டத்தின் வயல்களில் கடல் நீர் புகுந்து உப்பேறியபோது, பசுந்தாள் பயிர்களையும் மட்கையும் கொண்டு அந்த நிலங்களை மீட்கும் வேலையில் விவசாயிகளோடு நின்றார். மன்னார்குடிப் பகுதியின் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த நாட்களில், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் காலமானார். படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியதற்கு அந்தப் போராட்டங்களே வித்திட்டன.

சுவாமிநாதனையும் நம்மாழ்வாரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைத் திட்டுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஞ்சத்தைக் கண்ட தலைமுறையின் அவசரம் ஒருவருடையது. அந்த அவசரம் மண்ணுக்குச் செய்ததைக் கண்டவரின் கோபம் மற்றவருடையது. நம்மாழ்வார் சொன்னவற்றில் பலவற்றை வயலில் அளந்து எண்ணாக்க வேண்டிய வேலை மண்ணியல் துறையினுடையது. எந்த மண்ணில், எவ்வளவு மட்கு, எத்தனை ஆண்டில் என்ன மாற்றம் என்று படுகை முழுவதும் அளந்து சொல்லியிருந்தால் விவாதம் இத்தனை கசப்பாகியிருக்காது.

அப்படி அளந்து பார்க்கத் துணிந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் ஆய்வாளர் டி. எம். தியாகராஜன், மடகாஸ்கரில் ஆன்றி டெ லோலானியே என்ற பாதிரியார் 1980-களில் உருவாக்கிய நெல் சாகுபடி முறையை 2000-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சோதிக்கத் தொடங்கினார். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, நீரைக் கட்டிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலும், கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியால் சேற்றைக் கிளறுதல். அடுத்த சில ஆண்டுகளில் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் விவசாயிகளின் வயல்களிலேயே பரவலாகச் சோதனை நடந்தது. தாமிரபரணியில் வழக்கமான முறையில் ஹெக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ, புதிய முறையில் 7,227 கிலோ. ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி என்ற பெயர்களில் அது ஊருக்குள் வந்தது. 1910-களிலேயே சென்னை மாகாண வேளாண் துறை ஒற்றை நாற்று நடவைப் பரப்ப முயன்றிருக்கிறது என்ற பழைய செய்தியையும் இந்த ஆய்வுகள் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. சேற்றைக் கிளறி வேருக்குக் காற்றைக் கொடுப்பது ஹாரிசனும் சுப்பிரமணிய அய்யரும் கண்டதன் நடைமுறை வடிவம்தான்.

படுகையில் இந்தச் சாகுபடி முறை எதிர்பார்த்த அளவு நிலைக்காமல் போனதற்கு விவசாயியின் பிடிவாதத்தைக் குறை சொல்வது தவறு. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய நீர் நம் கையில் இருக்க வேண்டும். குறுவையில் முறைவைத்து விடும் ஆற்றுநீரைக் காயவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்ற பயம் உண்டு. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது கடைமடை வயலில் நீரை வடிப்பதே பெரும்பாடு. ஒற்றை இளநாற்றைப் பதமாக நட ஆள் கிடைப்பதும் அருகிவிட்டது. மண் அறிவியல் சொன்னது சரி. அதை நடத்திக் காட்ட வடிகாலும் வாய்க்காலும் ஒத்துழைக்கவில்லை.

ஒரு மண்ணியலாளரின் பணிக்காலம்

வேளாண் பட்டம் பெற்ற மாணவர் முதுகலைக்கு மண்ணியலைத் தேர்ந்தெடுத்தால் அவர் முதலில் கற்பது பொறுமை. மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டியை மரச்சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பகுப்பாய்வுக்கு வைக்க வேண்டும். கிடைக்கும் தழைச்சத்தை அளக்க அவர் பயன்படுத்தும் முறை, சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் இரண்டே பக்க அளவில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இந்தியாவின் மண் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் முறை அது. மகசூல் இலக்கு வைத்து, மண்ணில் இருப்பதைக் கழித்து, மீதியை மட்டும் உரமாக இடும் கணக்கை 1967-இல் வகுத்தவர்கள் ராமமூர்த்தியும் அவர் குழுவினரும். வேளாண் வட்டத்துக்கு வெளியே இந்தப் பெயர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படுகையின் மண் ஒன்றல்ல. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் களத்தூர் வகைக் களிமண் ஒன்று. ஆற்றோரத்தில் வண்டல் படிந்த படுகை வகை இன்னொன்று. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வரும் புது டெல்டாவின் மதுக்கூர் வகைச் செம்மண் வேறு. களியில் தங்கும் சத்து செம்மணலில் தங்காது. இருந்தும் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் சத்துகள் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ என்ற ஒரே எண்ணாகவே விவசாயியிடம் போகிறது. மண் வகைகளை ஊர் ஊராகப் பிரித்து வரைபடமாக்கியவர்களின் உழைப்பு அந்த ஒற்றை எண்ணுக்குள் காணாமல் போகிறது.

இளம் ஆய்வாளருக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. மண்ணின் கரிமத்தில் ஒரு மாற்றத்தை நம்பிக்கையோடு சொல்லவே பத்தாண்டு வேண்டும். திட்டம் முடிந்ததும் பாத்திகள் கலைகின்றன, ஆய்வாளர் வேறு ஊருக்குப் போகிறார். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் முறையும் நீண்ட சோதனைக்கு எதிரானதே. 1909-இல் ஒரு காலனி அரசு வைக்க முடிந்த நூறாண்டுப் பாத்தியைச் சுதந்திர நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏன் வட்டாரத்துக்கு ஒன்றாக வைக்கக் கூடாது?

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு, ஆண்டுதோறும் வயலில் படிந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடுசெய்கிறோம்? கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் கொண்டுவந்து போடும் ஆட்டுக்கிடை முன்புபோல எல்லா ஊரிலும் இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்குப் பத்து நாள் முன் ஈரப் பதத்தில் விதைக்கும் உளுந்தும் பயறும் மண்ணுக்குத் தழைச்சத்தும் வீட்டுக்குக் காசும் தந்தன. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்குவதால் பல இடங்களில் அந்த விதைப்பு நின்றுவிட்டது. நாகை, வேதாரண்யம் பக்கக் கடைமடையில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிறது.

இவற்றுக்கு நடுவே உர விலை மண்ணுக்கு எதிராக நிற்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். பொட்டாஷ் அதைவிடக் கூடுதல். 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை அதிலிருந்து விலக்கிவைத்ததன் விளைவு இது. கையில் காசில்லாத விவசாயி எதை அள்ளிப் போடுவார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது நல்ல செயல்தான். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது விதி. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு வேலி. ஒரு வேலிக்குள் பத்துப் பேருக்கு நிலம் இருக்கும் ஊரில், பக்கத்து வயலின் மண்ணுக்கு எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு என் வயலுக்கு உரம் போட முடியாது.

ஆகவே படுகை விவசாயிகளுக்கு என் வேண்டுகோள் இது. அரசு அட்டைக்குக் காத்திராமல் உங்கள் வயலின் மண்ணை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறக்கும் முன், வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியே அதற்கு ஏற்ற காலம். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவிய மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திப் பையில் கட்டுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கரிமம், துத்தநாகம், உப்பின் அளவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முடிவு வந்ததும் அதைக் கொடுத்தவரின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே வயலின் மண்ணோடு அவரிடமே போங்கள்.